பனிநாக்குக்கு அடியில்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்துபோய் விடைத்தாள் திருத்துகிறவள் நான். இப்போதும் அப்படித்தான். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில், பட்டப்பகலில், அத்தனை பேர் பார்க்க நடந்ததை நடக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் டீச்சராக இருந்தேன். அந்த வருடம் தலைமையாசிரியர் பிளஸ் ஒன்னில் புவியியல் குரூப்பையே எடுத்துவிட முடிவு செய்தார். மலையும் ஆறும் படித்து யாருக்கு வேலை கிடைக்கும் என்பது அவர் கேள்வி. அதில் சேரக் காத்திருந்த பிள்ளைகள் ஒன்பது பேர். மேலப்பாளையத்து ஆயிஷாவுக்குக் கணக்கு சுத்தமாக வராது, எங்கள் பள்ளியில் மற்ற குரூப்பிலெல்லாம் கணக்கு இருந்தது, இதுவும் போனால் பத்தாவதோடு சரி என்று என் முன்னால் நின்று அழுதாள். எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது.

"கண்காட்சி அன்னைக்கு வந்து பாருங்க சார். அதுக்கப்புறமும் மூடணும்னா மூடுங்க" என்றேன்.

"அப்படி என்னத்தக் காட்டப் போறீய டீச்சர்?"

பனிநாக்கு என்றேன். துருவப் பக்கம் பனியாறு நிலத்திலிருந்து இறங்கி, கடலுக்குள் நாக்கை நீட்டினதுபோல நீளமாக மிதந்துகொண்டு நிற்கும். கடல் சூடாகச் சூடாக, வெதுவெதுப்பான உப்புநீர் அடியில் நுழைந்து அதை அரிக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. "நம்ம ஊரு வெயிலுக்கு ஐஸு மேலதான் உருகும்" என்று சிரித்தார் மனுஷன்.

தட்டு கழுவும் சிமெண்டுத் தொட்டியில் தாமிரபரணித் தண்ணீரை நிரப்பி முதலில் செய்து பார்த்தோம். அடியில் விட்ட வெந்நீர் நேரே மேலே வந்துவிட்டது. அப்புறம்தான் புத்தியில் உறைத்தது, உப்பு கூடினால்தான் வெந்நீர் கனத்து அடியில் கிடக்கும். ஆயிஷாவின் வாப்பா ஒரு மூட்டை தூத்துக்குடி உப்பைக் கொண்டுவந்து இறக்கினார்.

"எம் புள்ள படிச்சிரும்லா டீச்சர்?"

"படிச்சிருவா அண்ணாச்சி, நான் இருக்கேம்லா."

கண்காட்சி அன்று ஐஸ் பாரை நீளவாக்கில் அறுத்து, ஒரு நுனியைக் கல்லில் ஊன்றி, மீதியைத் தொட்டியில் மிதக்கவிட்டேன். பின்னால் சரிவான பலகையில், நிலத்துப் பனியாற்றுக்குப் பதிலாக, இன்னொரு முழு பார், நாக்கில் முட்டிக்கொண்டு நின்றது. ரப்பர் குழாய் வழியாக அடியில் உப்பு வெந்நீர். அரைமணி நேரம் கழித்துக் கையை விட்டுப் பார்த்தேன், அடிப்பக்கம் பாதி போயிருந்தது, விரல் விறைத்துவிட்டது. பதினோரு மணிக்குத் தலைமையாசிரியர் வந்தார்.

"மேல அப்படியேதான இருக்கு?"

"அடியில கைய விட்டுப் பாருங்க சார்."

முழங்கை வரை விட்டார். "ஆமா, குடைஞ்சிருக்கு" என்றவர் முகம் மாறியது. "டீச்சர், கைய விடச் சொல்லுங்க."

"யார சார்?"

"பிள்ளைகள்ல யாரோ புடிச்சிருக்கு. விடச் சொல்லுங்க."

ஒன்பது பேரும் எதிரே, தொட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தொட்டிக்குள் வேறு ஒருத்தர் கையும் இல்லை. என் பாடத்துக்கு நடுவில் இது என்ன கூத்து என்று எனக்குக் கோபம்தான் வந்தது. கையை விட்டு அவர் மணிக்கட்டைத் துழாவினேன், அவர் கையைத் தவிர எதுவும் இல்லை, ஆனாலும் இழுத்தால் வரவில்லை. அந்த நேரம் நாக்கு டப்பென்று உடைந்தது. அவர் கை விடுபட்டது. பலகையிலிருந்த பார் சரசரவென்று இறங்கித் தொட்டியில் விழுந்தது. பிள்ளைகள் எல்லாம் செய்முறை என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

நம்புங்கள், அப்போதும் நான் பாடத்தை விடவில்லை. "நாக்கு மிதந்துக்கிட்டுதான இருந்துச்சு, அது உடைஞ்சதால கடல் ஏறாது. அது தடுத்து வச்சிருந்தது இறங்குதுல்லா, அதனாலதான் ஏறும்" என்றேன். அவர் ஈரக்கையைப் பார்த்தபடியே போய்விட்டார். சாயங்காலம் சீட்டு வந்தது, குரூப் இருக்கும் என்று. ஆயிஷா இன்று புவியியல் டீச்சர்.

பாடத்தால் ஜெயித்தேனா, அந்தப் பிடியால் ஜெயித்தேனா என்று எனக்கு மனசு ஆறவே இல்லை. அதே தொட்டியில் ஆறு தடவை செய்து கையை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவர் ஓய்வு பெற்ற அன்று நேராகவே கேட்டுவிட்டேன், பாடம் புரிந்துதானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று.

"பாடமும் புரிஞ்சுது டீச்சர்" என்றார். மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "சின்னக் கை. காய்ச்சக்காரப் பிள்ளை கை மாதிரி அப்படிக் கொதிச்சுது. பயங்காட்டப் புடிச்ச மாதிரி இல்ல. நாம விட்டுட்டுப் போயிருவோம்னு பயந்து புடிச்ச மாதிரி இருந்துச்சு."

அன்று அவர் கையை ஒட்டித்தான் நானும் துழாவினேன். அந்தக் கொதிப்பு எனக்குத் தட்டுப்படவே இல்லை. என் விரல்கள் குளிரில் மரத்துப் போயிருந்தன.