கவிழ்ந்திருந்த டேங்க்

ஊரில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் காகிதங்களில் மட்டும் பத்திரமாகத் தூங்குகிறது. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் பின்னால் போவார். இவர் கிளம்புவதற்குள் மாடே வீடு திரும்பிவிடும் என்பாள் மனைவி. சில தடவை திரும்பியும் இருக்கிறது.

பள்ளத்தில் ஒரு துண்டு, மேட்டில் ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான் நிலம். இரண்டிலும் மக்காச்சோளம். பள்ளத்தில் விளைவது விற்க, மேட்டில் விளைவது வீட்டுச் சாப்பாட்டுக்கு. மழை முந்தினாலும் பயம், பிந்தினாலும் பயம். இந்த முறை மழையும் ஒழுங்காகப் பெய்து, விதையும் ஏமாற்றாமல் முளைத்து, பயிர் கெண்டைக்கால் உயரம் வந்தபோது, மேட்டில் குருத்துகளுக்குள் மரத்தூள் மாதிரி எச்சம் தெரிந்தது. புழு. மேகம் வேறு கட்டிக்கொண்டு வந்தது; மழைக்கு முந்தி அடித்தால்தான் மருந்து பயிரில் நிற்கும். வாழ்நாளில் அன்று ஒரு நாள்தான் நிதானம் அவசரப்பட்டார்.

மருந்தடிக்கும் டேங்க் அவருக்கும், மனைவியின் தம்பியான மச்சினனுக்கும் பொது. கழுவினால் கவிழ்த்து வைக்க வேண்டும், கழுவாவிட்டால் நிமிர்த்தி வைக்க வேண்டும். வாய்ப்பேச்சாக வந்த இந்த ஏற்பாடு அதுவரை பிசகியதில்லை. கொட்டகையில் டேங்க் கவிழ்ந்துதான் இருந்தது. தூக்கியபோது உள்ளே ஏதோ அலம்பியது. கழுவிய தண்ணீரின் மிச்சம் என்று நினைத்து, அதன்மேலேயே புழு மருந்தையும் தண்ணீரையும் ஊற்றி, மேடு முழுக்க அடித்து முடித்தார்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் மேட்டுப் பயிர் வெந்நீர் கொட்டினாற்போல் வெளுத்துக் கருகியது. உள்ளே கிடந்தது, வரப்புப் புல்லுக்கு மச்சினன் கலந்த களைக்கொல்லி.

மச்சினன் டிராக்டரோடு வந்து நின்றான். தலை நிமிரவில்லை. "சத்தியமா நிமித்திதான் வெச்சேன் மாமா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அக்கா அவனைப் பிடி பிடி என்று பிடித்தாள். கண் இருக்க வேண்டிய இடத்தில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "ஈரம் காயறதுக்குள்ள உழுதுட்டு மறுபடி வெதைக்கணும். இப்பவும் நின்னுக்கிட்டே இருந்தீங்கன்னா வருஷம் பூரா எதைத் திங்கறது?"

நிதானம் செருப்பைத் தேடினார். போட்டுக்கொண்டு மேட்டில் இறங்கி, ஒரு பயிரை வேரோடு பிடுங்கி, பேனாக்கத்தியால் தண்டை நெடுக்கப் பிளந்தார். மேலே எல்லாம் கருகல். மண்ணுக்குள் இருந்த அடித்தண்டில் மட்டும் வெள்ளையாக, ஈரமாக, அரிசிமுனை அளவுக்கு ஒரு குருத்து. தள்ளிப் போய் இன்னொன்றைப் பிளந்தார். அதிலும் இருந்தது.

"வண்டிய நிறுத்து மாப்ள. உசுரு இன்னும் மண்ணுக்குள்ளதான் இருக்கு."

நிறுத்தினான். ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் சாப்பாட்டைப் பிசைந்தாரே தவிர உண்ணவில்லை. கட்டிய மேகம் பெய்யாமலே கலைந்துவிட, மண்ணின் ஈரம் தினமும் ஒரு விரல் கீழே போனது. குருத்து வராவிட்டால் மறுவிதைப்புக்கும் வழியில்லை. மனைவி அதிசயமாக வாயே திறக்கவில்லை.

ஒரு காலையில், கருகிய இலைச்சுருளைக் கிழித்துக்கொண்டு பச்சையாக ஒன்று வெளியே வந்திருந்தது. கொஞ்சம் கோணல், ஆனால் நல்ல பச்சை. வரிசை வரிசையாக அப்படியே. நிதானம் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கொட்டகைய கூட்டறப்ப எடைஞ்சலா இருந்துச்சுன்னு, மூடி இருக்கேன்னு நாந்தான் டேங்க கவுத்து ஓரமா வெச்சேங்க. இவனத் திட்டின அன்னிக்கு ராத்திரிதான் ஞாபகம் வந்துச்சு."

பின்னாலேயே வந்து நின்ற மச்சினன் அப்போதுதான் தலை நிமிர்ந்தான். "ஏன்க்கா, அப்ப நான் வாங்குன திட்டெல்லாம்?"

"கையில வெச்சுக்கோ. அடுத்து நீ தப்பு பண்றப்ப கழிச்சுக்கலாம்."

நிதானத்துக்குச் சிரிப்பு வர நேரமாயிற்று. மற்ற இருவரும் பள்ளத்து வயலை எட்டியபோதுதான் மேட்டிலிருந்து அவர் சிரிப்பது கேட்டது.