பின்சீட்டில் உட்கார ஒரு மூக்கு

என் பெரிய மாமா டேங்க் வேலைக்காரர். காரின் பெட்ரோல் டேங்க் ஓட்டையானாலும் நசுங்கினாலும், இருக்கும் இடத்தை விட்டு வேறு இடத்துக்குப் போக வேண்டியிருந்தாலும், அவரிடம்தான் கொண்டுவருவார்கள். வாயைத் திறந்தால் வசவு. இருந்தும் வருவார்கள். காரணம், அவர் வைத்திருந்த ஒரு வழக்கம். டேங்க் பொருத்தி முடித்ததும் சொந்தக்காரரை ஓட்டச் சொல்லி, தான் பின்சீட்டில் ஏறி, கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வார். பெட்ரோல் வாடை லேசாகத் தட்டினாலும் வண்டி திரும்பப் பட்டறைக்கு. ஒன்றும் இல்லையென்றால் இறங்கி, "எடுத்துட்டுப் போ" என்பார். ஊரில் அதற்குமேல் ஒரு சான்றிதழ் கிடையாது.

கிராமத்திலிருந்து வந்து அவர் வீட்டில் தங்கித்தான் நான் என்ஜினியரிங் முடித்தேன். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். என் பட்டத்தை மாட்ட அவரே தகரத்தில் சட்டம் அடித்துக் கொடுத்தார். "கோணலா இருந்தா படிச்சவன் நீதான் நிமித்திக்கணும்" என்றார். கோணலாக இல்லை.

பட்டறையின் மறுபாதி சின்ன மாமாவுடையது. என்ஜின் வேலை. தாத்தா விட்டுப்போன ஒரே கொட்டகைக்கு நடுவில் இடுப்பளவு சுவர் எழுப்பியிருந்தார்கள். "அவர் பத்தவைக்கிற டேங்க் ஒழுகும்" என்று சின்ன மாமா ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லி, அந்த ஆள் வேலையை வேறு பட்டறைக்குக் கொண்டுபோனதிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு கிடையாது. பேச்சு கிடையாது என்றால் அமைதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

"புகையெல்லாம் இந்தப் பக்கம் வருதுன்னு சொல்லு."

"மூக்கைப் பொத்திக்கச் சொல்லு."

யாரிடம் சொல்லச் சொல்கிறார்கள்? யாருமே இருக்க மாட்டார்கள். சுவர்தான்.

அப்படி இருந்த இடத்துக்குத்தான் பல் டாக்டரின் கார் வந்தது. அவருடைய அப்பா காலத்துக் கார், இரண்டே கதவு, மூக்கு நீண்டது. சின்ன மாமா அதில் பழைய என்ஜினைத் தூக்கிவிட்டுப் பெரிய என்ஜின் ஒன்றை இறக்கினார். அதற்கு ஒன்றுக்கு இரண்டாகச் சைலன்சர் குழாய். அவை போகும் வழியில், காரின் வாலுக்கு அடியில், டேங்க் தொங்கிக்கொண்டிருந்தது. கொதிக்கும் குழாய்க்குப் பக்கத்தில் பெட்ரோல் இருக்க முடியாது. டேங்கை டிக்கிக்குள் ஏற்ற வேண்டும்.

"நேத்து வந்த பைப்புக்காக, பொறந்ததுலேருந்து அங்க இருக்கிற டேங்க் எழுந்து போகணுமாம்!" என்றார் பெரிய மாமா சுவரைப் பார்த்து.

"டேங்குக்கு அங்க பட்டா போட்டிருக்கான்னு கேளு" என்றது சுவருக்கு அப்பால் இருந்து ஒரு குரல்.

டாக்டருக்கும் திட்டு விழுந்தது. அந்தக் காலத்துக் கார்களில் டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் வெறும் அட்டைதான்; அதை எடுத்துவிட்டுத் தகடு அடிக்க வேண்டும் என்றார் பெரிய மாமா. "அது அப்படியே இருக்கட்டுமே, பழைய அழகு போயிடும்" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை.

"டாக்டரே, பின்னாடி யாரு உக்காருவா?"

"என் ரெண்டு பொண்ணுங்க."

"அதுங்க முதுகுக்கும் பெட்ரோலுக்கும் நடுவுல அட்டை! ஊரான் பல்லைப் பிடுங்கத் தெரியுது, பெத்த பிள்ளையைக் காப்பாத்தத் தெரியலையா?"

சீட்டுக்குப் பின்னால் இரும்புத் தகடு ஏறியது. பெட்ரோல் போடும் வாய் டிக்கியின் பக்கவாட்டில் வந்தது. டேங்கின் ஆவி வெளியேற ஒரு சின்னக் குழாய், டிக்கித் தரையைத் துளைத்துக் காருக்கு அடியில், சைலன்சர் குழாய்களை விட்டுத் தள்ளித் திறந்தது. இதற்கெல்லாம் படம் நான் வரைந்தது. தப்புக் கண்டுபிடிக்கப் பெரிய மாமா நாள் முழுக்க அதை உற்றுப் பார்த்தார். கிடைக்காத கடுப்பில் கடைசியில், "எழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்கு" என்றார்.

வேலை முடியும் தறுவாயில்தான் வீட்டில் அது நடந்தது. மாமா சமையலறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் கேஸ் நாற்றம் குப்பென்று அடித்தது. அடுப்பு அணைந்து, கேஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அத்தை ஓடிவந்து கேஸை மூடி, ஜன்னல்களைத் திறந்தாள்.

"பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க! மூக்கை என்ன வாடகைக்கு விட்டுட்டீங்களா?"

மாமா பேப்பரை மடித்தார். "காய்ச்சல் வந்துச்சுல்ல. அதோட போயிடுச்சு. சாம்பாரும் தெரியல, சாக்கடையும் தெரியல." பிறகு எங்கள் இருவரையும் முறைத்தார். "வெளிய மூச்சு விட்டீங்க, தெரியும் சேதி."

சேதி எங்களுக்கும் தெரியும். மூக்கு போனது தெரிந்தால் டேங்க் மாமாவிடம் ஒருத்தன் டேங்க் கொண்டுவர மாட்டான். மறைத்தாலோ, வாடை தெரியாத ஒரு மனுஷன் "எடுத்துட்டுப் போ" என்று சொல்லி, இரண்டு பெண் பிள்ளைகளை அந்த சீட்டில் ஏற்றி அனுப்புவார்.

ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. டேங்க் நிறையப் பெட்ரோல். டாக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். பெரிய மாமா பின்பக்கம் ஏறாமல் கதவைப் பிடித்தபடி நின்றார்.

நான் மெதுவாக, "நான் உக்காரட்டுமா மாமா?" என்றேன்.

"நீ வேணாம். நாறினாலும், மாமா மனசு நோகுமேன்னு ஒரு நிமிஷம் யோசிப்ப. அந்த ஒரு நிமிஷம் எனக்கு வேணாம்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினார். இம்முறை சுவரிடம் பேசவில்லை.

"டேய்! வெளிய வாடா."

சின்ன மாமா கையில் கந்தலோடு எட்டிப் பார்த்தார். அவரை அண்ணன் நேராகக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

"என்னையா?"

"உன்னைத்தான். பின்னாடி ஏறி மோந்து பாரு."

"ஏன், துரை மூக்குக்கு என்ன?"

"செத்துப்போச்சு."

சின்ன மாமா சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது. "ஊருக்கெல்லாம் மூக்காலேயே முத்திரை குத்தின ஆளு! நான் ஏன் உனக்கு மோந்து பாக்கணும்?"

"என் டேங்க் ஒழுகும்னு ஊரெல்லாம் சொன்னவன் நீதானே? ஒழுகுதான்னு பாரு. என் வேலையில குத்தம் கண்டுபிடிக்க உன்னை மாதிரி நாய் மூக்கு எனக்கு எங்க கிடைக்கும்?"

டாக்டர் முகம் வெளிறிப்போய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சின்ன மாமா கந்தலை எறிந்துவிட்டு ஏறினார். நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன்.

அப்படி ஒரு சவாரியை நான் பார்த்ததில்லை. சின்ன மாமா தகட்டில் மூக்கை ஒட்டவைத்து மோந்தார், சீட்டின் இடுக்கில் தலையை விட்டு மோந்தார். கிடைக்காமல் போனதும் அவருக்கு வெறி பிடித்தது. "டாக்டர், வேகமாப் போய் சட்டுனு பிரேக் அடிங்க!" அடித்தார். "ஒடிச்சுத் திருப்புங்க!" திருப்பினார். மறுபடி ஒரு பிரேக்.

"நாறுது!" என்று கத்தினார் சின்ன மாமா. லாட்டரி விழுந்தவன்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டான். முகர்ந்து பார்த்தேன். உண்மைதான், மெல்லிய பெட்ரோல் வாடை. என் படத்திலா தப்பு?

பட்டறை வாசலில் கார் நிற்பதற்குள் அவர் கத்தத் தொடங்கிவிட்டார். "நான் அன்னைக்கே சொன்னேன்! ஒழுகும்னு சொன்னேன்!"

பெரிய மாமா டிக்கிக்குள் தலையை நுழைத்தார். பெட்ரோல் போடும் வாயையும் டேங்கையும் சேர்க்கும் ரப்பர் ஹோஸில், இறுக்கும் க்ளிப் குழாயின் மேடான விளிம்பின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கியிருக்க வேண்டும். பிரேக் அடிக்கும்போது பெட்ரோல் அலைமோதி அந்த இடத்தில் கசிந்திருக்கிறது. படத்தில் தப்பில்லை. தப்பு அவர் கையில்.

"என் தப்புதான்" என்றார், டிக்கிக்குள் இருந்தபடியே.

க்ளிப்பைத் தள்ளி இறுக்கி, ஈரத்தைத் துடைத்து, டிக்கியை நன்றாகக் காயவிட்டு, மறுபடி அனுப்பினார். மறுபடி பிரேக், மறுபடி ஒடித்துத் திருப்பல். மேடு பள்ளம் ஒன்றையும் சின்ன மாமா விட்டுவைக்கவில்லை. திரும்பி வந்து கார் நின்றபிறகும் அவர் இறங்கவில்லை. ஏற்றிய கண்ணாடிக்குள் வியர்வை வழிய மோந்துகொண்டே இருந்தார். பெரிய மாமா வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கடைசியில் கதவு திறந்தது. சின்ன மாமா டாக்டரைப் பார்த்து, மருந்து குடிக்கிற முகத்தோடு, "ஒண்ணும் இல்ல. எடுத்துட்டுப் போங்க" என்றார்.

சேதி ஊரில் பரவத்தான் செய்தது. ஆனால் பரவியது வேறு விதமாக: அங்கே டேங்க் மாற்றினால் தம்பிக்காரன் பின்சீட்டில் உட்கார்ந்து, அண்ணனைக் கவிழ்க்கவென்றே மோப்பம் பிடிக்கிறானாம், அவனே ஒன்றுமில்லை என்றால் உண்மையிலேயே ஒன்றுமில்லையாம். வண்டிகள் முன்னைவிட அதிகமாக வந்தன.

அத்தைக்கு மட்டும் ஓர் ஆசை. சாப்பாடு போடும்போது கேட்டாள்: "அதான் பேச ஆரம்பிச்சாச்சே, சமாதானமாப் போயிடலாமில்ல?"

மாமாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "சமாதானமா? பைத்தியமா உனக்கு? அவன் மூக்கு கெட்டுப்போயிடும்."

மறுநாள் காலையில் நான் பட்டறைக்குப் போனபோது, சின்ன மாமா தன் பெரிய ஸ்பேனரைக் காணோம் என்று சுவரைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தார். ஸ்பேனர், பெரிய மாமா உட்கார்ந்திருந்த சாக்குக்கு அடியில் துருத்திக்கொண்டிருந்தது.