பதினெட்டு சிப்பும் ஒரு ஒயரும்

பழுதான சர்க்யூட் பலகையை முதலில் மூக்குக்கு அருகில் பிடித்து முகர்ந்து பார்ப்பார். கருகிய வாடை இல்லையென்றால் ஒரு 'ம்'. இருந்தால் இரண்டு. மீட்டரைக் கையில் எடுப்பது அதற்குப் பிறகுதான்.

எழுபத்திரண்டு வயது. முழுக்கைச் சட்டையில் வலது கையை மட்டும் மடித்துவிட்டிருப்பார். பர்சனல் கம்ப்யூட்டர்கள் புதிதாக வந்த காலத்தில், ஒரு கம்பெனி தயாரித்த கம்ப்யூட்டருக்கு நினைவகப் பலகை வடிவமைத்தவர். ஒரு புரோகிராமின் இடத்தில் இன்னொன்று கைவைக்காதபடி, யாருக்கு எந்த இடம் என்று பங்கு பிரித்துக் கொடுக்கும் பலகை அது. அந்த வேலைக்கென்றே கடையில் ஒரு சிப் கிடைத்தது. "அது ஆமை. இடத்தைக் காட்டுறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும்" என்று ஒதுக்கிவிட்டு, பதினெட்டு சின்ன சிப்புகளைக் கோத்துத் தானே கட்டினார். வேகமாகத்தான் ஓடியது.

எதிர்த்து வாதாடியவர் பக்கத்து மேசைப் பெண். "நாளைக்குக் கெட்டுப்போனா உங்களைத் தவிர யாரு பாப்பாங்க?" என்று அன்றே கேட்டார். அவரைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டார். "சண்டையை வீட்டுலயே வச்சுக்கலாம்னுதான்" என்று மனைவி என்னிடம் காரணம் சொன்னார்.

கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். அந்தக் கம்ப்யூட்டர்களில் ஒன்று மட்டும் பார்வையற்றோர் பள்ளியில் இன்னும் பிரெய்ல் அச்சிடுகிறது. போன மாதம், தேர்வுக்கு நான்கு நாள் இருக்கையில், பாதி வினாத்தாளில் நின்றுவிட்டது. தாள் வராவிட்டால் பிள்ளைகள் அடுத்த வருடம்தான் எழுத முடியும் என்றார் தலைமையாசிரியை.

பலகையை வீட்டுக்குக் கழற்றி வந்து, இரண்டு நாள் அதன்மேல் கவிழ்ந்து கிடந்தார். சிப்புகள் எல்லாம் நன்றாக இருந்தன. எங்கோ ஓர் இணைப்பு விட்டிருந்தது. வரைபடம் அவர் தலைக்குள் மட்டுமே இருந்தது. அதிலும் ஒரு மூலை அழிந்துபோயிருந்தது. மூன்றாம் நாள் காலை, மாத்திரை கொண்டுவந்த மனைவியை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"நீ சொன்னதைக் கேட்டிருக்கலாம். கடை சிப்புன்னா இந்நேரம் மாத்திப் போட்டுட்டு வந்திருப்பேன்."

நாற்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை. மனைவி அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"அது கெடக்கட்டும். பதினொண்ணாவது சிப்புலேர்ந்து பின்பக்கமா ஒரு ஒயர் இழுத்தீங்களே, அதைப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அந்த ஒயரைப் பற்றவைத்த இடத்தில்தான் விட்டிருந்தது. மதியம் பள்ளியில் அச்சு ஓடியது.

அந்த வாரமே பெரிய தாள் வாங்கிவந்து, சாப்பாட்டு மேசையில் விரித்து, வரைபடத்தை முதலிலிருந்து வரைந்தார். பள்ளியில் ஒரு பிரதி இருக்கட்டும் என்றார். ஒயர் போன வழியை மனைவியிடம் கேட்டுக் கேட்டுப் போட்டார். முடித்ததும் கீழ் மூலையில் 'வடிவமைத்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்திட்டார். 'சரிபார்த்தவர்' கட்டம் காலியாக இருந்தது. தாளை மனைவி பக்கம் திருப்பிவைத்து, பேனாவை நீட்டினார்.