வெள்ளிக்கிழமை சாம்பிராணி

என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று யார் எழுதினாலும், எனக்கு நினைவுக்கு வருவது ஒரு தூபக்கால்தான்.

எண்பதுகளின் தொடக்கம். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கால்நடை ஆராய்ச்சி நிலையம். முயலின் கருவைத் தாயின் உடம்புக்கு வெளியே, கண்ணாடித் தட்டில் வளர்ப்பது என் ஆராய்ச்சி. இரண்டு செல்லாக எடுத்து வைக்கும் கரு நாலாகி, எட்டாகி, நாலே நாளில் நடுவில் நீர் கோத்த குட்டிப் பந்தாக வேண்டும். என்னுடையவை எட்டோடு நின்றுவிடும். கரு மிதக்கும் திரவத்தில் உப்பைக் குறைத்தேன், தண்ணீரை இரண்டு முறை காய்ச்சி வடித்தேன், சூட்டை அரை டிகிரி ஏற்றி இறக்கினேன். ஒன்றும் பலிக்கவில்லை. பொங்கலுக்குள் பந்து வராவிட்டால் அறையைத் தீவனக் கிடங்காக்கிவிடுவேன் என்று அதிகாரி சொல்லிவிட்டார். அறை போனால் என் பட்டமும் போச்சு.

முயல்களைப் பார்த்துக்கொண்டதும் தட்டுகளைக் கழுவியதும் காவாந்தண்டலத்திலிருந்து தினக்கூலிக்கு வந்த ஓர் அக்கா. நாற்பது வயது இருக்கும். எங்களைப் போன்ற குடும்பங்களின் நிலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர். பட்டம் வாங்கும் முன்பே என்னை டாக்டரம்மா என்று கூப்பிட்ட ஒரே ஆள். கருக்களை அவர் கரு என்று சொன்னதே இல்லை, புள்ளைங்க என்பார்.

கருத் தட்டுகளை இளஞ்சூட்டில் வைக்கும் இன்குபேட்டருக்கு வேண்டிய வாயு சிலிண்டர் வாலாஜாபாத்திலிருந்து புதன்கிழமைதான் வந்து சேரும். அதனால் வியாழன்தோறும் கருக்களை எடுத்து வைப்பேன். மறுநாள் காலை அக்கா அறையைத் துடைத்து, இன்குபேட்டருக்குக் குங்குமப் பொட்டு வைத்து, அதன் கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே தூபக்காலில் சாம்பிராணி காட்டுவார்.

“புள்ளைங்க மேல கண்ணு பட்டுக்கீது டாக்டரம்மா. அதான் வளர மாட்டேங்குது.”

நான் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே கதவையும் திறந்துவிடுவேன். எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை புகை போடுவார்கள். எம்.எஸ்சி. படித்தவளுக்கும் அந்த வாசனையில் கொஞ்சம் தெம்பு வரும்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. தங்கைக்கு வளைகாப்பு. திங்கட்கிழமை காலை நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். ஆறு கருவில் நாலு, நடுவில் நீர் கோத்துப் பந்தாகி நின்றன. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து குதித்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து அக்கா உள்ளே வந்தார். என் வாய் சும்மா இருக்குமா?

“பாத்தீங்களா அக்கா? உங்க கை படல, பிழைச்சிடுச்சு. இத்தனை மாசமா தட்டை என்னத்தைக் கழுவினீங்களோ!”

அவர் முயல் கூண்டுப் பக்கம் போய்விட்டார். சாப்பாட்டு வேளையில் வாசலில் வந்து நின்றார்.

“அந்தத் தட்டை யாரு டாக்டரம்மா கழுவினது?”

“நீங்கதான். புதன்கிழமை.”

“அப்போ என் கை பட்டுக்கீது. முயலுக்குப் புல்லு போட்டதும் நான்தான். நான் வராத வெள்ளிக்கிழமை இந்த ரூம்ல இன்னா நடக்கல? நீயே சொல்லும்மா.”

நான் குறிப்பேட்டைப் புரட்டினேன்.

“சாம்பிராணி,” என்றார். “நான் போட்ட பொகைதான் புள்ளைங்களைக் கொன்னுக்கினு இருந்துச்சு.”

எனக்கு முகம் சுண்டிப்போனது. நான் போட்டிருக்க வேண்டிய கணக்கை அவர் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி போட்டுவிட்டார். இருந்தாலும் சோதித்துப் பார்க்காமல் எழுத முடியாதே. மூலையில் கிடந்த பழைய இன்குபேட்டரையும் தட்டிக்கொட்டி ஓடவைத்தேன். இரண்டிலும் கரு வைப்போம், ஒன்றுக்கு மட்டும் புகை காட்டுங்கள் என்றேன்.

“தெரிஞ்சப்புறம் நான் போட மாட்டேன். வோணும்னா நீ போட்டுக்கோ.”

நானே போட்டேன். இரண்டு கதவுகளையும் ஒரே அளவு நேரம் திறந்து, ஒன்றில் மட்டும் புகை காட்டினேன். புகை பட்டவை எட்டோடு நின்றன. படாதவை பந்தாயின.

அன்றுதான் முதல்முறையாக அவரை நுண்ணோக்கியின் முன்னால் உட்காரவைத்தேன். பார்க்கிறீர்களா என்று அதுவரை நான் கேட்டதே இல்லை. வளர்ந்தவற்றைப் பார்த்துச் சிரித்தார். நின்றுபோனவற்றையும் காட்டச் சொன்னார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

“மூச்சு முட்டிப்போச்சா கண்ணுங்களா? இத்தினி மாசம் எனக்குத் தெரியாம பூட்ச்சு. மன்னிச்சிக்குங்க.”

அறை கிடங்காகவில்லை. எனக்குப் பட்டமும் கிடைத்தது. கரு வளர்க்கும் அறையில் எந்தப் புகையும் கூடாது என்று என் ஆய்வேட்டில் ஒரு வரி உண்டு. அது அவருடைய வரி. அதற்காக அவருக்கு நூறு முறை நன்றி சொல்லியிருப்பேன், இன்றும் மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் வெறும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களிடம் அவர் கேட்ட மன்னிப்பை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அவரிடம் நான் கேட்கவில்லை.