நாலு சக்கரமும் இழுத்த வண்டி

என் மூத்த மகள் நகரி ஆற்று மணலில் பிறந்தவள். தலைச்சன் பிரசவத்துக்கு அக்கரையில், திருத்தணிப் பக்கம், அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு காலை வலி எடுத்தது. புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக என் கணவர் தன் பிக்கப் வண்டியோடு வந்தார். நிலக்கடலையும் மாங்காயும் ரேணிகுண்டா ஸ்டேஷனுக்கு ஏற்றுகிற வண்டி அது. அம்மாவும் அண்ணனும் கூட ஏறிக்கொண்டார்கள். ஆற்றில் அப்போது பாலம் கிடையாது. ஐப்பசி மழைத் தண்ணீர் வடிந்து மணல் ஈரமாக இருந்தது. பாதி ஆறு தாண்டியதும் பின்சக்கரங்கள் இரண்டும் புதைந்துவிட்டன.

அவர் எஞ்சினை முறுக்க முறுக்க வண்டி இன்னும் கீழே இறங்கியது. அண்ணன் பனையோலை வெட்டிவந்து சக்கரத்துக்கு அடியில் திணித்தான். ஓலை கிழிந்து பின்னால் பறந்ததுதான் மிச்சம்.

"பூந்துக்கினே போவுதே அத்தே, இன்னா பண்றது?" என்று அவர் என் அம்மாவிடம் கேட்ட குரல் எனக்குக் கேட்டது.

"வண்டியெ உடு நைனா. கொயந்த வந்துரும் போலக்குது. நீ அந்தப் பக்கம் போ."

வண்டிக்குப் பின்னால் புடவையைக் கட்டி மறைப்பு செய்தார்கள். அரை மணி நேரத்தில் அவள் பிறந்துவிட்டாள். அவர் முன்பக்கம் பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டியபோது அழுதாராம். அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

நானும் குழந்தையும் நலமாகத்தான் வீடு திரும்பினோம். அவரால்தான் அதை மறக்க முடியவில்லை. வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தாலே முகம் வாடிவிடும். ஒருநாள் சோறு சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"பின்னாடி ரெண்டு சக்கரந்தான் இழுக்குது. முன்னாடி ரெண்டும் சும்மா உருளுது. அதுவும் இழுத்துக்கினு இருந்தா அன்னிக்கு ஏறி வந்துருப்போம்மே."

ரேணிகுண்டாவில் ஒரு மேஸ்திரி பட்டறை வைத்திருந்தார். யுத்த காலத்தில் பட்டாளத்து வண்டிகளை ரிப்பேர் செய்தவர். தெலுங்குக்காரர். உடம்பெல்லாம் நசுங்கிப்போன பட்டாளத்து ஜீப் ஒன்று அவர் பட்டறைக்குப் பின்னால் கிடந்தது. அதன் முன் அச்சைக் கழற்றி எங்கள் வண்டிக்குப் பூட்டுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். சுலபமாகச் சொல்லிவிட்டேன். முன் அச்சு எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியில் இடித்தது. வண்டியையே ஒரு சாண் உயர்த்த வேண்டியிருந்தது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை ஜீப்பிலிருந்து எடுத்து வைத்தார்கள். அங்கிருந்து அச்சுக்குப் போகும் ஷாஃப்ட் நீளம் போதாமல் லேத் பட்டறையில் வெட்டி வெல்டிங் வைத்து ஒட்டினார்கள். இதற்கே எட்டு மாதம் ஓடிவிட்டது. கடலை ஏற்றுகிற நாள் போக மீதி நாளெல்லாம் அவர் அங்கேதான்.

அந்த வருஷங்களில் ஊரில் இருந்த பேச்சு ஒன்றே ஒன்று. ஆந்திரா தனி ராஜ்யமாகிவிட்டது, எந்தக் கிராமம் எந்தப் பக்கம் போகும்? டீக்கடையில் அதற்காகச் சண்டையே நடக்கும். இவர் அங்கே போய் உட்கார்ந்து, எல்லை எங்கே என்று யாராவது கேட்டால் கிரீஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்.

முதல் ஓட்டம் பார்த்த அன்று குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் சோற்றுத் தூக்கோடு பட்டறைக்குப் போயிருந்தேன். நாலு சக்கரத்தையும் பூட்டித் தார் ரோட்டில் ஓட்டினார்கள். வண்டி முக்கி முனகியது, டயர் கிறீச்சிட்டது. ஒரு பர்லாங்கு கூடப் போகவில்லை, படாரென்று ஷாஃப்ட் ஜாயிண்ட் உடைந்தது.

"சரிகா லேதண்ணா," சரியில்லையே என்று மேஸ்திரி தலையில் கை வைத்தார். ஜாயிண்ட் மட்டம் என்றார் இவர். வெல்டிங் மட்டம் என்றார் மேஸ்திரி. பேச்சு தடித்தது.

எனக்கு எங்கள் அம்மா வீட்டுத் தறி ஞாபகம் வந்தது. பாவு நூலை விடுகிற உருளையும் துணி சுற்றுகிற உருளையும் ஒத்துப்போகாவிட்டால் நூல் அறுந்துபோகும். பிறந்ததிலிருந்து பார்த்தது.

"ஏங்க, முன்னாடியும் பின்னாடியும் ஒரே கணக்காத்தான் சுத்துதா?" என்று கேட்டேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. "எண்ணிப் பாப்போம்மா," என்றார்.

ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். டயரில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, இரண்டு ஷாஃப்ட்டிலும் என் முந்தானையிலிருந்து கிழித்த துணியைக் கட்டினோம். முதலில் முன் அச்சிலும் பிறகு பின் அச்சிலும் இவர் ஒரு பக்கம், மேஸ்திரி ஒரு பக்கம் நின்று சக்கரங்களைச் சேர்த்துப் பத்துச் சுற்று சுற்ற, நான் குனிந்து துணி சுற்றுவதை எண்ணினேன். முன் ஷாஃப்ட் நாற்பத்தொன்பது சுற்று. பின் ஷாஃப்ட் நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினேன். அதேதான்.

"ஒரே பெட்டிதான் ரெண்டையும் சுத்துது. அதான் ஒண்ணையொண்ணு இழுத்துக்கினு சண்ட போட்டிருக்குது," என்றார் இவர்.

"ஜீப்போட பின் அச்சையும் பூட்டிர வேண்டியதுதான், கணக்கு ஒத்துப்போயிரும். ஆனா ரோட்டுமேல ஸ்பீடு போயிரும் அண்ணா," என்றார் மேஸ்திரி.

"போனா போவட்டும்."

அதற்கு இன்னும் இரண்டு மாதம். ஆவணி முடிவில் வண்டி தயாரானது. உயரமாக, பார்க்க வினோதமாக இருந்தது; ஏறுவதற்கு எனக்கு ஒரு முக்காலி வேண்டியிருந்தது. மறுநாளே அம்மா வீட்டுக்குப் புறப்பட்டோம். ஆற்று நடுவில் வந்ததும் அவர் வண்டியை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிட்டார்.

"இன்னாங்க இது, இங்க போயி நிறுத்திட்டீங்களே!"

"சும்மா எறங்குமே."

இறங்கினோம். மணல் இளஞ்சூடாக இருந்தது. மகள் சக்கரத்தடத்தில் தவழ்ந்து மணலை வாயில் வைத்தாள். அவர் ஒரு பீடி பற்றவைத்து, அது தீரும்வரை வண்டி நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களை ஏற்றி, நாலு சக்கரத்தையும் பூட்டும் நீளமான புது லீவரை இழுத்தார். வண்டி ஒரு குலுங்கல் குலுங்கி, நிதானமாக நடந்து அக்கரை ஏறியது. அவர் மெட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். கல்யாணமானதிலிருந்து அவர் பாடி நான் கேட்டது அன்றுதான்.

பிறகு எல்லை முடிவானது. அம்மா வீடு மதராஸ் ராஜ்யத்துக்குப் போனது, நாங்கள் ஆந்திராவில் நின்றோம். "மாப்ள, வெளி ராஜ்யத்துல இருந்து வந்துக்கிறாரு, வாங்க," என்று அண்ணன் ஒவ்வொரு தடவையும் கேலி செய்வான். அக்கரைக்குச் சரக்கு ஏற்ற வேறு பர்மிட் கேட்டார்கள். அதனால் ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போனோம். அடுத்த இரண்டு பிரசவத்துக்கும் அம்மா வீட்டிலிருந்து அந்த வண்டியில்தான் ஆற்றைக் கடந்தேன். இரண்டு பிள்ளைகளும் புத்தூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிறந்தார்கள்.