மெத்தையைத் தூக்கிப் பார்த்த மருந்துக்காரர்

எங்க தோட்டத்துல என்னை மருந்துக்காரர்னுதான் கூப்பிடுவாங்க. நோவு பார்க்கிற ஆளு இல்லைங்க நான். தேயிலை மலையில முதுகுல டேங்க் மாட்டிக்கிட்டு பூச்சிக்கும் புல்லுக்கும் மருந்தடிச்ச ஆளுங்களுக்கு அந்தக் காலத்துல வச்ச பேரு அது. ஹட்டன் பக்கம் ஹோட்டல் ரூமுங்களுக்கு மூட்டைப்பூச்சி மருந்தடிக்கிற வேலையில நான் சேர்ந்ததும், அதே பேரைத் தூக்கி என் தலையில போட்டுட்டாங்க. சாகடிக்கிற சாமானுக்குப் போய் மருந்துன்னு பேரு வச்ச புண்ணியவான் எவனோ!

டிக்கோயா பக்கம் பொண்ணு பார்க்கப் போனப்போ, எங்க மாமா அந்தப் பேரைப் பத்தி மூச்சே விடல. "கம்பனியில ஆபிசருங்க"ன்னு அடிச்சு விட்டுட்டாரு. பொய் வெளிய வந்தா நிக்கப் போறது என் கல்யாணம்தானே. ஹட்டன் பஸ்ஸுல ஆறு மாசமாப் பார்த்து, கட்டினா இவளைத்தான்னு மாமாவைக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்ததே நான்தானே.

லயத்து வீடு, தோட்டத்துல வரிசையா ஒட்டிக் கட்டின வீடுங்கள்ல ஒண்ணு. கட்டில்லதான் உக்கார வச்சாங்க. பழக்க தோஷம், கை தானா மெத்தை ஓரத்தைத் தூக்கிருச்சு. போன் டார்ச்சை வேற அடிச்சு, தையலோரமாப் பார்க்கிறேன்! எந்த ரூமுக்குள்ள போனாலும் எங்களுக்கு முதல் வேலை அதுதான்.

இருந்துச்சுங்க. ஒண்ணு, கொழுகொழுன்னு. விரல்ல பிடிச்சப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன். வீடே என்னைத்தான் பார்க்குது.

"எங்க மெத்தையில என்னங்க தேடுறீங்க?"ன்னு பொண்ணோட அம்மா கேட்டாங்க. முகமே மாறிப் போச்சு. மாமா உடனே, "மெத்தை நல்லா இருக்குன்னு பார்க்கிறாரு"ங்கிறாரு. பூச்சியை உள்ளங்கையில மூடிக்கிட்டேன். சனியன் கடிக்குது! சொறியவும் முடியல, சிரிப்பு வேற முட்டிக்கிட்டு வருது. போச்சுடா, எல்லாம் போச்சுன்னு நெனச்சேன்.

தேத்தண்ணித் தட்டோட அவ வந்தா. என் மூடின கையைப் பார்த்தா.

"எத்தனை?"

"ஒண்ணுதாங்க."

"பொய். கடி தாங்காம நாங்க தூங்கியே எத்தனை நாளாச்சு! நீங்க ஹோட்டலுக்கு மருந்தடிக்கிறவருதானே? டேங்கோட பஸ் ஏறுறதை நான் பார்க்கலையா?" அப்படியே அம்மா பக்கம் திரும்பி, "இவரையே கட்டிக்கிறேம்மா. நிம்மதியாத் தூங்கலாம்"னா.

அம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. எனக்குச் சந்தோஷத்துல தலைகால் புரியல. தேத்தண்ணி எடுக்கக் கையைத் திறந்துட்டேன், பூச்சி சிமெண்டுத் தரையில விழுந்து ஓடுது. அதுவரைக்கும் என்னைத் தம்பின்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்த அவ அப்பா, வாசல்ல கிடந்த செருப்பை எடுத்து என் கையில குடுத்தாரு.

"அடிங்க மாப்பிள்ள!"