முதுகில் கட்டிய பந்து

ஒரு வெள்ளை பெனியன். அதன் முதுகுப் பக்கம், தோள்பட்டைகளுக்கு நடுவில், பழைய தலையணை உறைத் துணியில் ஒரு பை. பைக்குள் ஒரு டென்னிஸ் பந்து. தைத்தவள் நான், போட்டுக்கொண்டவர் என் மாமனார். அந்த மனிதரை எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்பார்கள். எனக்கு ஒன்றுகூட வாயில் வரமாட்டேன் என்கிறது.

கம்பளை டவுனில் அவருக்குப் புடவைக் கடை. மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவருடைய மகன் விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தவள் நான். பெயர் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் ‘தோட்டத்துக்காரி’தான். இனக்கலவரத்தில் கடை எரிந்தது. மறுபடி கட்டித் திறந்த பிறகு மனிதர் பகலில் தூங்கத் தொடங்கினார். துணி அளந்துகொண்டிருக்கும்போதே, கையில் கத்தரிக்கோலுடன் தலை சாயும். யாரும் அதை வியாதி என்று நினைக்கவில்லை. அந்த வருடங்களில் எங்கள் ஆட்களில் நிம்மதியாகத் தூங்கியவர் யார்? பயம்தான் என்றோம் நாங்கள். டவுன் டாக்டரும் பயம்தான் என்று தூக்கக் குளிசை எழுதிக் கொடுத்தார். குளிசை போடப் போட ஆள் இன்னும் மோசமானார்.

கடைசியில் கண்டியில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் டேப்பால் கழுத்தை அளந்தார், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், குறட்டையைப் பற்றிக் கேட்டார். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறதோ என்று சந்தேகப்பட்டார். சரியான சோதனைக்குக் கொழும்புக்குப் போகவேண்டும். வழியெல்லாம் சோதனைச் சாவடி. மாமனார் அசையமாட்டேன் என்றுவிட்டார்.

“அப்ப வீட்டுல யாராவது பக்கத்துல உக்காந்து எண்ணுங்க. ஒரு மணித்தியாலம் போதும். மூச்சு எத்தனை தரம் நிக்குது, எவ்வளவு நேரம் நிக்குதுன்னு எழுதிக்கிட்டு வாங்க. தட்டி எழுப்ப வேணாம், தானா எழும்பிடுவாரு,” என்றார் டாக்டர்.

மாமியார் உயிரோடு இல்லை, கணவர் கடையில். மதியச் சாப்பாடு முடிந்து மாமனார் படுத்ததும் கதிரையை இழுத்துப் போட்டு, கையில் கடிகாரத்துடன் நான் உட்கார்ந்தேன். குறட்டை ஏறிக்கொண்டே போகும், சட்டென்று நிற்கும். நெஞ்சு மட்டும் எழும்பி எழும்பி விழும், காற்று வராது. பத்து விநாடி, இருபது விநாடி. பிறகு ஒரு திணறல். ஒவ்வொன்றாக எழுதினேன். ஒரு தடவை நாற்பதைத் தாண்டியது, உதடு கறுத்தது. அப்போது எனக்கு வந்தது பயம் இல்லை. அந்த மூச்சு வராமலே போகட்டும் என்று நினைத்தேன். மூச்சு வந்தது. அவர் கண்ணைத் திறந்து என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப்போனார்.

நோட்டைப் பார்த்த டாக்டர் முதல் வேலையாகக் குளிசையை நிறுத்தினார். மல்லாந்து படுத்தால்தான் மூச்சு அதிகம் நிற்கிறது என்று எழுதியிருந்தேன். அதற்குத்தான் அந்தப் பந்து, மல்லாந்தால் முதுகில் உறுத்தும். கட்டில் தலைமாடு உயரமாக இருக்கக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்தோம்.

“தோட்டத்துக்காரி என் குளிசைய ஒளிச்சு வச்சிட்டா. முதுகுல பந்தக் கட்டி என்னயக் கொல்லப் பாக்குறா,” என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மாதத்தில் பகல் தூக்கம் வெகுவாகக் குறைந்தது. பிறகும் பல வருடம் இருந்து, தெளிவாக விழித்திருந்தே என்னை வைதார்.

இப்போது என் கணவருக்கும் அதே குறட்டை. விரலில் மாட்டும் சின்னக் கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்புகிறார்கள், அதுவே எல்லாவற்றையும் பதிந்துகொள்ளும். நானும் ஒரு பெனியனில் பை தைத்துக்கொண்டிருக்கிறேன். “எழுப்பிடாதீங்கம்மா, கணக்குப் பிழைச்சிடும்,” என்று நர்ஸ் பிள்ளை படித்துப் படித்துச் சொன்னாள். இரண்டு தடவை மாட்டிப் பார்த்தும் கணக்கு சரியாக வரவில்லை. மூச்சு நின்று பத்து எண்ணுவதற்குள் என் கை அவர் தோளைத் தட்டிவிடுகிறது. மாமனாருக்குப் பக்கத்தில் மட்டும் அந்த ஒரு மணித்தியாலமும், டாக்டர் சொன்னது சொன்னபடி, ஒரு தடவைகூடத் தட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.